தண்ணீர் கேட்காத செடி

புங்கமரத்தடியில் விரித்திருந்த வரைபடத்தில் அவள் தன் வீட்டைத் தேடினாள்.

கால்வாய் நீலக் கோடாக இருந்தது. பாலமும் இருந்தது. பாலத்திலிருந்து கரையோரமாக விரலை நகர்த்தினாள். டீக்கடை, அடிபம்பு, சவுரியம்மாளின் வீடு, அதை ஒட்டித் தங்கள் வீடு. அப்படித்தான் வர வேண்டும்.

விரல் நின்ற இடத்தில் ஒரு பச்சை வட்டம்.

"என்னடி போட்டிருக்கு?" அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"நொச்சி."

"நான் சொன்னதுதான்!" அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

போன மாதம், கால்வாய்க்கரையில் பூங்கா போட வந்த ஆபீஸ் மேடம் இதே புங்கமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார். வெயிலும் தாங்கணும், வெள்ளமும் தாங்கணும், என்ன வைக்கலாம்?

வாசலுக்கு எதிரே பூங்கா வரப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சவுரியம்மாள் பூவரசு என்றாள்.

"ஆமா, நீ நிழல்ல உட்கார்ந்து ஊர்க்கதை பேசணும்ல" என்றாள் அம்மா. பிறகு எழுந்து நின்றாள்.

"நொச்சி வைங்க மேடம். ஆடு வாய் வைக்காது. கழுத்து வரைக்கும் தண்ணி நின்னாலும் சாகாது. கோடையிலயும் யாரும் தண்ணி ஊத்த வேணாம். அதுக்கு ஆளே வேணாம்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

"நம்ம வீடு எங்க? காட்டு." அம்மா இப்போது வரைபடத்தின் மேல் குனிந்தாள்.

அவள் விரல் அந்தப் பச்சை வட்டத்தின் மேலேயே இருந்தது.

அம்மா தன் விரலைப் பாலத்தில் வைத்தாள். மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்தாள். டீக்கடை. அடிபம்பு. சவுரியம்மாள் வீடு வர வேண்டிய இடத்தில் ஒரு பெரிய வட்டம்.

"இது?"

"பூவரசு."

அம்மாவின் விரல் அவள் விரலில் வந்து இடித்து நின்றது.

மேடம் வந்தார். "உங்க நொச்சியைச் சேர்த்துட்டோம், பார்த்தீங்களாம்மா?"

"அப்போ எங்க வீடுங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அது வேற ஆபீஸ்மா. எங்கேயாவது மாற்று இடம் தருவாங்க. நான் செடி மட்டும்தான் பார்க்கிறேன்."

அம்மா தலையாட்டினாள். சற்று நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"மேடம், நொச்சி வேணாம். கனகாம்பரம் வைங்க."

"அது ரெண்டு நாள் தண்ணி இல்லேன்னா வாடிடுமேம்மா."

"ஆமா மேடம். தினம் ஊத்தணும்." அம்மாவின் குரல் இறங்கியது. "பக்கத்துலயே ஆள் இருக்கணும்."

மேடம் வாட்சைப் பார்த்தார். வரைபடத்தை ஓரத்திலிருந்து சுருட்டத் தொடங்கினார்.

பாலம் போயிற்று. டீக்கடை போயிற்று.

அவள் விரலை எடுக்கவில்லை.