சார்ஜர் முனை

லேப்டாப் மேல் தேநீரைக் கொட்டியவன் நான்தான். அதுவும் பால் விட்ட தேநீர், அரைக் கிண்ணம். நேற்று ஒத்திகையிலேயே பேட்டரி காலி. இன்று காலை எழுந்து மாட்டினால் சார்ஜ் ஏறமாட்டேன் என்கிறது.

"உடனே துடைச்சுட்டேனே ரௌஷான்," என்றேன் மனைவியிடம்.

"இருபத்தாறு வருஷமா ஆறிப்போன ஜோக்கை ஊர் மேல கொட்டினீங்க. ஒரு நாள் டீயைக் கொட்டினா என்ன குறைஞ்சு போச்சு?" பவுர்சாக் மாவுருண்டைகள் பொரியும் கடாயிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை.

எனக்குத் தொழில் அசபா வேலை. தராஸ் நகரத்துக் கல்யாண விருந்துகளில் மைக் பிடித்து, சம்பந்திகளை வம்புக்கிழுத்து, ஆட வைத்து, அழ வைப்பவன். பாட்டு, வாழ்த்து, நானூறு ஜோக் எல்லாம் அந்த லேப்டாப்பில்தான் இருக்கின்றன. கைதட்டலும் பதிந்து வைத்திருக்கிறேன். சில ஊர்களில் தேவைப்படும்.

இன்று சாயங்காலம் என் ஒரே மகள் கம்ஷாத்தை அனுப்பி வைக்கும் விருந்து. அதை வேறு எவனாவது நடத்த நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? கடைசியில் வெள்ளைத் துணி விரித்து, பெண்ணைக் கைபிடித்து வாசல் வரை நடத்திப் போகும் அப்பன் வேலையை மைத்துனன் தலையில் கட்டியாயிற்று. எனக்கு ஒரு கை மைக்குக்கு, இன்னொரு கை லேப்டாப்புக்கு.

பிளக்கை மாற்றி மாற்றி மாட்டினேன். சார்ஜர் டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது, லேப்டாப்பில் உயிரில்லை. பவர் பட்டனை அரை நிமிஷம் அமுக்கிப் பிடித்தேன். ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். முதுகில் நாலு தட்டு தட்டினேன்.

"யாராவது இதைத் தொட்டீங்களா?"

"டீ தொட்டுச்சு," என்றாள் ரௌஷான்.

கம்ஷாத் சீர்ப் பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். செல்லோடேப்பைப் பல்லால் கடித்தபடியே, "ம்ம், கோகே," என்றாள். கோகே என்றால் அப்பா. அந்த அப்பனுக்கு அவ்வளவுதான் பதில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் எரசில் வந்து நின்றான். மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்து இளம் அசபா. வெள்ளை ஷூ, பல் முழுக்கச் சிரிப்பு. "ரௌஷான் அண்ணி வரச் சொன்னாங்க அகா. அவசரத்துக்கு ஒரு ஆள் இருக்கட்டும்னு." அண்ணனை அழைக்கும் அந்த 'அகா'வில் மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

"உன் ஜோக்கெல்லாம் போன்ல பார்த்துத் திருடினதுடா."

"உங்களுது எங்க தாத்தாகிட்ட எடுத்தது அகா. பரவால்ல, அவர் திருப்பிக் கேக்கல."

லேப்டாப்பையும் சார்ஜரையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு பஜாருக்கு ஓடினேன். பழுது பார்க்கும் வலேரா பாக் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நான் அவிழ்த்துவிட்ட பேட்டரி ஜோக்கை, ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டித் தள்ளினான். மூடியைத் திறந்து பார்த்தான்.

"டீ உள்ள போகல. பேட்டரியும் ஒழுங்காத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படி?"

சார்ஜர் முனையைப் பூதக்கண்ணாடியில் பிடித்து, நகத்தால் சுரண்டினான். கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய சுருள் உரிந்து வந்தது. செல்லோடேப். முனையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று.

"கரண்ட் எப்படிப் போகும்? முனையைப் பார்க்கத் தெரியல, முதுகுல தட்டத் தெரியுது," என்றான். "யாரோ நீங்க இன்னிக்குப் பேசக் கூடாதுன்னு ஆசைப்பட்டிருக்காங்க அகா. யாருன்னு தெரிஞ்சா என் வணக்கத்தைச் சொல்லுங்க."

அவன் கடையிலேயே ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றினேன். லேப்டாப் நிமிர்ந்தது, நான்தான் குனிந்துபோனேன். எரசில் காலையில்தான் வந்தான், அவனைச் சந்தேகப்பட வழியில்லை. அப்படியானால் என் வீட்டில், என் உப்பைத் தின்னும் யாரோ. மினிபஸ்ஸில் வரும் வழியெல்லாம் நானூறு ஜோக்கையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, விரல் நுனியில் அந்த டேப் துண்டை நீட்டினேன். "யார் வேலை இது?"

"விருந்தாளிங்க வர்ற நேரம். போய்ச் சட்டையை மாத்துங்க," என்றாள் ரௌஷான்.

"சரியாயிடுச்சுல்ல, விடுங்க மச்சான்," என்றான் மைத்துனன்.

எரசில் தன் ஷூவைப் பார்த்தான். அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"என் ஜோக் அவ்வளவு கேவலமா? சபையில என்னை நிறுத்தவே கூச்சமா இருக்கா?" மைக் இல்லாமல் பேசிப் பழக்கமில்லை, குரலை உயர்த்தினேன். "ஒருத்தராவது நேரா பதில் சொல்லுங்க."

உள்ளறைக் கதவு திறந்தது. மணப்பெண்ணின் உயரமான குல்லாயைப் பிடித்துக்கொண்டு கம்ஷாத் வந்தாள். என் விரலிலிருந்த டேப்பை எடுத்து உருட்டிப் போட்டாள்.

"ஜோக் கேவலம்தான் கோகே. ஆனா அதுக்காக நான் ஒட்டல," என்றாள். "வெள்ளைத் துணியில மாமா கையைப் பிடிச்சு நடக்க எனக்கு இஷ்டமில்ல."