எந்த நைஸ்?

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜெசிந்தா வீட்டுக்குப் போகாமல் கவியா மிஸ்ஸைப் பார்க்கப் போனாள். கோவளத்தில் மிஸ் நடத்தும் இங்கிலீஷ் கிளாஸில், மாதம் ஒருமுறை வீட்டிலிருந்து யாராவது வந்து தலையைக் காட்ட வேண்டும். ஷிஃப்ட் முழுக்க நின்ற கால்கள் கெஞ்சின.

"ஜெபக்குமார் படிப்பு எப்படி மிஸ்?"

"கடல் எப்படின்னா நைஸ். சாப்பாடு எப்படின்னா நைஸ். வேற வார்த்தையே வாயில வரல. இங்கிலீஷ்ல ஒரு காலத்துல அந்த நைஸுக்கு 'ஒண்ணும் தெரியாத ஆளு'ன்னு அர்த்தம். அப்புறம் கூச்சப்படற ஆளு, நொட்டை சொல்ற ஆளுன்னு மாறி, கடைசியிலதான் 'நல்லது'ன்னு வந்து நின்னுச்சு. நான் எந்த நைஸுன்னு எடுத்துக்கறது?"

"வூட்டுல குந்திப் படிச்சாதானே மிஸ்," ஜெசிந்தா அலுத்துக்கொண்டாள். "எந்நேரமும் டிவிதான். நான் வந்து ஆக்கிப் போட்டா, உப்பு இல்ல, காரம் இல்லன்னு தட்டைத் தள்ளி வுடறது."

"நேத்து, மருமக எப்படின்னு கேட்டேன். அதுக்கும் நைஸ்."

ஜெசிந்தா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டூரிஸ்ட்டுகளுக்குப் படகு ஓட்டும் அறுபது வயது ஜெபக்குமார், வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"டீச்சரு இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல மாமா. செருப்பைப் போடுங்க, வரேன்."

அவர் நகர்ந்ததும் ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், வேற எது வேணா கத்துக் குடுங்க. அந்த வார்த்தைய மட்டும் மாத்திடாதீங்க. நான் இந்த வூட்டுக்கு வந்ததுலருந்து, மாமா என்னைத் தமிழ்ல அப்படி ஒரு தபாகூட சொன்னதில்ல."