காற்றுக்குத் திரும்பும் குழாய்

"இன்னா சார் ரேடியோ செஞ்சி குடுத்துகிறீங்க? நாங்க இங்க குந்தினுகீறோம், அது ஏரி மீனுக்குச் சேதி படிச்சிகினு கீது!"

பென்னலூரில் பஸ்ஸை விட்டிறங்கி, வரப்பு வரப்பாக நடந்து வந்து சேர்ந்த கோதண்டராமனை, ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார் பஞ்சாயத்துத் தலைவர் பலராமன்.

கோதண்டராமன் அண்ணாந்து பார்த்தார். ஊருக்குக் கரெண்டு வந்த கையோடு சர்க்கார் வைத்த ரேடியோ. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் அவரே வரைந்து, அவர் கம்பெனி செய்து கொடுத்த ஒலிபெருக்கிக் குழாய். மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றது.

"யார் திருப்பினது?"

"காத்துல திரும்பிக்குது சார்," என்றான் ரேடியோ ஆபரேட்டர் நடேசன், தரையைப் பார்த்தபடி.

கோதண்டராமனுக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற பெண்ணைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார். அவர் டிசைனைச் சொன்னால் பொறுக்க மாட்டார்.

"நல்ல சாமான்னா என்னன்னு தெரியுமாய்யா? புயலே அடிச்சாலும் வெச்சது வெச்சபடி நிக்கணும். அந்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கற திருகாணிக்காக மாசக்கணக்கா தூக்கமில்லாம கிடந்திருக்கேன். அது காத்துக்குத் திரும்புமா?"

"அப்டின்னா இவன் வேலதான்!" தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "எத்தினி தபா நேரா வெச்சாலும் மறுநாளே திரும்பிக்குது. ஏறிப் பாத்து, கையால திருப்பினதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இன்னியோட இவனை வேலையவுட்டு நிறுத்திடறேன்."

நடேசனே ஏணியைக் கொண்டுவந்து சாத்திப் பிடித்துக்கொண்டான்.

கோதண்டராமன் ஏறினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. திருகாணியில் ஸ்பானர் பிடித்த தடம் பளிச்சென்று இருந்தது. வசமாக மாட்டிக்கொண்டான் பயல் என்று அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது.

அப்போது விவசாய நிகழ்ச்சி ஆரம்பித்தது. தற்செயலாகத்தான் குழாய் பார்த்த பக்கம் திரும்பினார்.

ஏரிக்கரைமேல் வரிசையாக ஜனங்கள். காலில் சேறு காயாத ஆண்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். கரைக்கு அந்தப் பக்கமிருந்த குடிசைகளிலிருந்து இன்னும் சிலர் அவசர அவசரமாக ஏறி வந்து உட்கார்ந்தார்கள். மழை வரும் என்று ரேடியோ சொன்னதும் ஒரு கிழவர் பக்கத்திலிருந்தவரைத் தட்டிச் சிரித்தார்.

கோதண்டராமன் இரண்டு படி இறங்கிக் குனிந்தார். "அவங்க ஏன்யா இங்க வந்து கேக்கல?"

"சேரி ஜனங்க சார்," நடேசன் குரலைத் தாழ்த்தினான். "இங்க வந்து குந்தினா அடி வுழும். அவங்களுந்தானே சார் ஏர் ஓட்றாங்க, நாத்து நடறாங்க..."

கோதண்டராமனுக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்கே கேட்க வேண்டும் என்று ராப்பகலாக வரைந்தவர், ஊர் என்றால் யார் யார் என்று ஒருவரையும் கேட்டதில்லை.

"இன்னா சார், கையால திருப்பினதுதானே?" தலைவர் அவசரப்பட்டார்.

கோதண்டராமன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தப் பக்கத்துக்குப் புதுசா ஒரு குழாய் அனுப்பி வெக்கறேன். மேல இருக்கறதை யாரும் தொட வேண்டாம். நடேசனையும் ஒண்ணும் சொல்லாதீங்க. நான் போட்ட டிசைன்தான் மட்டம் தலைவரே, காத்தடிச்சா அது ஏரிப் பக்கம்தான் திரும்பும்."