ஒரு சாண் வித்தியாசம்

மூன்றாவது தடவையும் கணக்கு அதே ஒரு சாண் இடித்தது.

சர்வேயர் பெலிசியா நோட்டில் எழுதியதை மறுபடியும் கூட்டிப் பார்த்தாள்.

கடலோரத்துப் புதுத் தடுப்புச்சுவர் அவள் கொடுத்த அளவில் எழுந்தது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில், கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை உயரம் என்று கணக்கெழுதி நட்டிருக்கும் குறிக்கல்லிலிருந்து அளந்து வந்தவள் அவள்தான். நாளைக்குச் சிதம்பரத்திலிருந்து பெரிய இன்ஜினியர் வருகிறார். அதற்கு முன்னால் மாதா கோயில் வாசலில் இருக்கும் இன்னொரு குறிக்கல்லோடும் ஒத்துப் பார்த்துவிடலாமே என்று வந்தாள். வந்த இடத்தில் இந்த வினை.

சுவரிலிருந்து அளந்தால், கோயில் கல் ஆபீஸ் கணக்கைவிட ஒரு சாண் மேலே நிற்கிறது.

கல் எங்கேயாவது ஏறுமா? இறங்கத்தான் இறங்கும். அப்படியென்றால் ஸ்டேஷன் கல் இறங்கியிருக்க வேண்டும், இல்லை வழியில் அவளே சறுக்கியிருக்க வேண்டும். எதுவானாலும் சுவர் ஒரு சாண் குட்டை. புயலடித்தால் கடல் ஊருக்குள் வர அது தாராளம்.

"மெஷின்ல கொற இல்ல மேடம், நேத்துதான் செக் பண்ணோம்," என்றான் ஸ்டாஃப் என்கிற அளவுகோலைப் பிடித்திருந்த உதவியாள் கதிரவன். ஆறுதல் சொல்கிறானாம்.

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஜோதி மேரி, இவர்கள் கல்லையே சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்தாள். திருதிருவென்று விழித்தாள்.

"அது நாங்க செஞ்ச வேலம்மா. ஆம்பளைங்க கடலுக்குப் போனா அது மேலதான் மெழுகுவத்தி கொளுத்துவோம். மழத்தண்ணி தேங்கி அணைஞ்சி அணைஞ்சி போவுது. அதான் பேத்தெடுத்து, அடியில செங்கல் குடுத்து, அதே எடத்துல பூசிட்டோம்."

கதிரவன் மண்ணைக் கிளறினான். செங்கல் தெரிந்தது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது பெலிசியாவுக்கு. சுவர் சரி. ஸ்டேஷன் கல்லும் சரி. அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"எப்பக்கா ஏத்துனீங்க?"

"அதோ, எங்க காலனி கட்டறதுக்கு முந்தின வருசம்."

பெலிசியாவின் சிரிப்பு அடங்கியது. காலனி வீடுகளுக்குத் தரைமட்டம் குறித்தவர்கள் பக்கத்திலிருக்கும் இந்தக் கல்லை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கா போயிருப்பார்கள்? கல் ஏறிய கதை அவர்களுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் அத்தனை வீடும் திட்டத்தைவிட ஒரு சாண் உயரம்.

"போன பொயலுக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாக்கா?"

"வாசப்படி வரிக்கும் வந்துச்சி. உள்ள ஏற நாலு வெரக்கட பாக்கி, அப்பிடியே நின்னுபோச்சி. மாதா காப்பாத்துனா." ஜோதி மேரி சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "தப்புன்னா சொல்லும்மா, கல்ல பழயபடி எறக்கி வெச்சிடறோம்."

பெலிசியா சட்டென்று கல்லை விட்டு எழுந்தாள். உட்கார்ந்திருந்த இடத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"இருக்கட்டுங்க்கா. ஆபீஸ் கணக்க நான் மாத்திக்கறேன்."