கோர்த்தேஸின் குதிரை

சதுக்கத்தின் நடுவில் குதிரை நின்றுவிட்டது.

மேலே, வெள்ளிக் காகிதக் கவசத்தோடு ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ். எதிரே, இறகுக் கிரீடத்தோடு கடைசி ஆஸ்டெக் அரசன், தோற்பதற்குத் தயாராக.

திருவிழாவில் வருடா வருடம் இதே கூத்துதான். வருடா வருடம் அரசன்தான் தோற்பான். புனிதருக்கு நேர்ந்துகொண்டது, மாற்ற முடியாது.

அரசன் வேடம் நிகாண்ட்ரோவுக்கு. கோர்த்தேஸ் வேடம் பள்ளிக்கூட வாத்தியார் ரொசெண்டோவுக்கு. ஊரிலேயே தாடி ஒழுங்காக வளர்வது அவருக்குத்தான்.

வாத்தியாரும் இதே ஊர்க்காரர். நகரத்தில் படித்துவிட்டு வந்தபோது, அந்த அரசன் பேசிய, ஊரே இன்றும் பேசும் நாவாட்டு மொழி அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்படித்தான் சொன்னார். வகுப்பில் அதைப் பேசிய நிகாண்ட்ரோவின் மகள் ஹசிந்தாவை வெயிலில் நிற்கவைத்தார்.

அன்றிலிருந்து அவள் வீட்டிலும் ஸ்பானிஷ்தான். அப்பாவிடம் இன்னொரு சோளரொட்டி கேட்பதும் ஸ்பானிஷில்.

"நட," என்றார் கோர்த்தேஸ், ஸ்பானிஷில்.

குதிரை ஒரு ஈயைக் கவனித்துக்கொண்டிருந்தது.

அதட்டினார். குதிகாலால் இடித்தார். மேளம் தயங்கி நின்றது.

"என்ன வாத்தியாரே, அதையும் வெயில்ல நிக்க வச்சிட்டீங்களா?" என்றாள் சோளக் கொழுக்கட்டை விற்பவள்.

கூட்டம் சிரித்தது. வாத்தியார் வியர்த்துப்போய்க் குதிரையின் காதருகே குனிந்தார். கவசத்தில் குத்தியிருந்த மைக்கை மறந்துவிட்டார்.

"என் கண்ணுல்ல, என் தாயில்ல, மானத்த வாங்காதடி. நட செல்லம்."

எல்லா ஒலிபெருக்கிகளிலும் அது சுத்தமான நாவாட்டில் கேட்டது. பால்குடி காலத்து நாவாட்டு.

குதிரை உடனே நடந்தது.

சதுக்கமே எழுந்து கைதட்டியது. மணியடிப்பவன் ஆர்வம் தாங்காமல் கோயில் மணியை அடித்துவிட்டான். அத்தனை இரைச்சலுக்கும் மேலே ஒரு குரல், அதுவும் நாவாட்டில்:

"அப்பா, சாருக்கு நம்ம பேச்சு வருதுப்பா."

ஹசிந்தா.

நிகாண்ட்ரோ வழக்கப்படி மண்டியிட்டான். வழக்கப்படி பேரரசு வீழ்ந்தது. தோற்றவன் முகத்தில் இருக்கக்கூடாத சிரிப்பை மறைக்க, தலையைக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துகொண்டான்.

குதிரை அவனுடையது. போன வருடம் ஒரு பண்ணையாரிடமிருந்து வாங்கியபோது அது ஸ்பானிஷில்தான் நடந்தது, ஸ்பானிஷில்தான் நின்றது.

அதை மறக்கடிக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது.