சத்தமில்லாத சாலை

சாலையில் ஒரு காலை வைத்தாள். சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முகத்தை வெதுவெதுப்பாக ஏதோ உரசிப் போனது. துப்பட்டா ஒரு பக்கமாய் இழுபட்டு, மறுபடி தோளில் வந்து விழுந்தது.

பேருந்தா? ஆடிக்காற்றா?

தெரியவில்லை.

கோலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள்.

ஜெபமலர் பிறவியிலேயே பார்வையில்லாதவள். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு எம்.ஏ. படிக்க வந்தவள், இங்கேயே தங்கி வரலாற்றில் ஆய்வு செய்கிறாள். விடுதியையும் துறைக் கட்டடங்களையும் பிரிக்கும் இந்தச் சாலையை இத்தனை வருடங்களாக யார் கையையும் பிடிக்காமல்தான் தாண்டியிருக்கிறாள்.

காது போதும்.

பழைய டீசல் பேருந்து மேடு ஏறும்போதே முனகத் தொடங்கிவிடும். வளைவில் கியர் மாற்றும்போது ஒரு செருமல். அந்தச் செருமல் கேட்ட பிறகும் சாவகாசமாக நடந்து மறுபக்கம் போய்விடலாம்.

இப்போது ஓடுவதெல்லாம் பேட்டரி பேருந்துகள்.

போன மாதம்தான் தொடக்க விழா. தமிழ்த்தாய் வாழ்த்து பாடியது அவள். வண்டி நிறுத்துமிடம் முழுக்கச் சோலார் கூரை போட்டாயிற்று, இனி நம் வளாகத்து வண்டிகள் நம் வெயிலிலேயே ஓடும் என்று துணைவேந்தர் சொன்னபோது அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. டீசல் புகை பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கும். இனி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம்.

“எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க. வண்டி கிளம்பப் போகுது. சத்தம் கேக்குதான்னு பாருங்க” என்றார் துணைவேந்தர்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு கைதட்டல்.

வண்டி போய்விட்டது என்பது அந்தக் கைதட்டலில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவளும் தட்டினாள்.

அடுத்த வாரமே ஒரு பேருந்து அவள் கோலின் நுனியில் ஏறி இறங்கியது. ஓட்டுநர் சங்கரபாண்டி குதித்து ஓடிவந்தார். அவளை விட அவர்தான் அதிகம் நடுங்கினார்.

“நீ நின்னுக்கிடுவன்னு நெனச்சேன் தாயி. ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு வேற ஆர்டர் போட்டிருக்காவ. நான் என்ன செய்ய?”

அவரிடம் கோபப்பட முடியவில்லை.

அலுவலகத்திலும் யாரிடமும் கோபப்பட முடியவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டீ கொடுத்தார்கள். வண்டியில் மெல்லிய ஒலி எழுப்பும் கருவி பொருத்த முடியும், கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறோம் என்றார்கள்.

“அதுவரைக்கும் ஓரமா நில்லுங்கம்மா. யாராவது வந்து கூட்டிட்டுப் போவாங்க.”

யாராவது.

அந்தச் சொல்லோடுதான் திரும்பி வந்தாள்.

இன்று யாரும் வரவில்லை. வகுப்பு நேரம். மரங்கள் மட்டும் கடல் போல இரைந்துகொண்டிருந்தன.

எதிரே கருத்தரங்கக் கூடத்தில் மைக் கரகரத்தது. துறையின் முன்னால் அவள் தன் ஆய்வை எடுத்துச் சொல்ல வேண்டிய நாள். தோழி புனிதாவுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கூடத்துக்குள் போனதும் எல்லாரும் ஃபோனை அமர்த்திவிடுவார்கள்.

“அடுத்ததாக, ஜெபமலர்.”

காற்றோடு அவள் பெயர் தெளிவாக வந்தது.

காலை வைத்தாள். இலைகள் இரைந்தன. எடுத்துவிட்டாள்.

“ஜெபமலர் வந்தாச்சா?”

“இங்கதான் நிக்கேன்! ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கேன்!”

அடிவயிற்றிலிருந்து கத்தினாள். காற்று எதிர்த்து வீசியது. குரல் அவள் முகத்திலேயே வந்து மோதியது.

மைக்கில் வேறொரு பெயர் கேட்டது.

கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

அப்போதுதான் பின்னால் நடைபாதையில் அந்த ஓசை. டக். டக். தரையைத் தட்டித் தட்டி வரும் கோல். அவளுக்குத் தெரியாத ஓசையா அது?

பக்கத்தில் வந்து நின்றது.

“இப்பச் சத்தம் போட்டது நீங்கதானாக்கா?”

சின்னப் பெண்ணின் குரல்.

“நான் ஃபர்ஸ்ட் இயருக்கா. இப்பதான் சேந்திருக்கேன். வண்டி வருதா போவுதான்னு ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு. என்னய ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டு விடுதியளா?”

ஜெபமலர் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அந்தப் பெண் காற்றில் துழாவி அவள் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். வியர்த்துக் குளிர்ந்த கை. விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

பிடித்த கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

ஜெபமலர் தலையைச் சாய்த்து வலப்பக்கம் கேட்டாள். இடப்பக்கம் கேட்டாள்.

இலைகள்.

“இப்பம் போலாமாக்கா?”