சித்தப்பாவைத் தேடிப் போனவர்

நூலகர் நெருங்கி வருவதைப் பார்த்ததும், நில அளவையர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அரசிதழின் பக்கத்தை மூடிக்கொண்டார்.

“என்ன சார், சித்தப்பா மாட்டிக்கிட்டாரா?”

“மாட்டிக்கிட்டார்” என்றார். பொய்.

நூலகர் மேஜை ஓரத்தில் சாய்ந்து நின்றார். நீதிமன்ற வளாகத்துச் சட்ட நூலகத்தில் வக்கீல்களுக்குச் சமமாக வம்சம் தேடி வருகிறவர்களையும் பார்த்துப் பழகியவர். தாத்தா பெரிய மனிதர் என்ற நினைப்பில் வந்து, பழைய தீர்ப்புத் தொகுப்பில் அவர் மாடு திருடிய கதையைப் படித்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனவர்கள் உண்டு.

“கொலைக் கேஸா இருந்தாலும் மனசுல வெச்சுக்காதீங்க. எல்லா வம்சத்துலயும் ஒண்ணு இருக்கும். எங்க வீட்ல ரெண்டு” என்று ஆறுதல் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நில அளவையர் கைகளை எடுத்துப் பார்த்தார். அறிவிப்பு அப்படியேதான் இருந்தது.

ஓய்வு பெற்றபின் அவரைப் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்தவர், சொந்தக் குடும்பத்தை அளந்து பெரிய தாளில் வரைய ஆரம்பித்தார். எல்லாரும் அகப்பட்டார்கள், வீட்டைவிட்டு ஓடிப்போய்ப் பெயரை மாற்றிக்கொண்ட சித்தப்பாவைத் தவிர. பெயர் மாற்றினால் அரசிதழில் வந்தாக வேண்டும். அதனால்தான் பழைய அரசிதழ்களை வருஷவாரியாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பத்தொன்பது வயதில் அரசு அச்சகத்தில் புரூஃப் பார்க்கக் கையிலெடுத்த சிவப்புப் பேனாவை ஓய்வு பெற்றும் கீழே வைக்காதவள். அவர் எழுதிவைத்த முன்னோர் பெயர்களில் பிழைகளைச் சுழித்துவிட்டு, யாருக்கு விட்டுவிட்டுப் போக இவ்வளவு பெரிய படம் என்று கேட்பாள். படத்தில் கடைசி ஆட்கள் அவர்கள் இருவரும்தான். அதற்குக் கீழே கோடு கிடையாது.

அன்று காலையும் சண்டை. குழாய் சொட்டுவதில் ஆரம்பித்து, வழக்கமான இடத்தில் வந்து நின்றது.

“அன்னிக்கு அந்தப் பதிவுப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுத் தொலைச்சேன். அது ஒண்ணு மட்டும் இல்லேன்னா என்னிக்கோ கிளம்பிப் போயிருப்பேன்.”

இரண்டு வீட்டாரும் எட்டிப் பார்க்காத பதிவுத் திருமணம். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போயிருந்தது.

செருப்பை மாட்டும்போது, இன்றைக்கு எந்த வருஷம் என்று கேட்டாள். கல்யாணமான வருஷத்து அரசிதழ் என்றார். அதில் ஒன்றும் இருக்காது, அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள் என்றாள். அவள் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்? நேராகப் போய் அந்தத் தொகுதியையே கேட்டு வாங்கினார்.

அறிவிப்பில் வளவளப்பு இல்லை. பதவிக்காலம் முடிந்தும் திருமணப் பதிவாளர் ஒருவர் அதை அறியாமல் சில மாதங்கள் நாற்காலியில் இருந்துவிட்டார். அந்த மாதங்களில் அவர் நடத்திவைத்த திருமணங்கள் செல்லாது. சம்பந்தப்பட்டவர்கள் தொண்ணூறு நாளுக்குள் மீண்டும் பதிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குத் திருமணம் நடத்திவைத்த அதே பதிவாளர், அதே அலுவலகம். கல்யாணத் தேதி அந்த மாதங்களின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது.

அவருக்குச் சித்தப்பா மறந்துபோனார். அவளை இத்தனை காலம் பிடித்துவைத்திருந்தது அந்த ஒரு கையெழுத்து. அதை அவளே வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள். இப்போது அதுவும் இல்லை.

சொல்லாமல் மறைத்துவிடுவது என்று பேருந்தில் முடிவு செய்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அந்த முடிவு தாங்கியது.

அவள் மேஜைமேல் படத்தை விரித்துவைத்து, யாரோ ஒரு பெரியப்பாவின் பெயரில் விட்டுப்போன எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார். உள்ளே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. படத்தின் அடியில் தம் பெயரையும் அவள் பெயரையும் இணைக்கிற சின்னக் கோட்டையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தார்.

“சித்தப்பா கிடைச்சாரா?”

“இல்ல. நம்ம கல்யாணம் செல்லாதாம்.”

அவள் நிமிரவில்லை. அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பதிவாளர், தொண்ணூறு நாள், அரசிதழ். தமக்கு இது சத்தியமாகத் தெரியாது என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை என்றார்.

“இனிமே உன்னைக் கட்டிப்போட ஒண்ணுமில்ல. போகணும்னு நினைச்சா...”

அவள் அந்த எழுத்தை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

“அதுல ஒண்ணும் இருக்காதுன்னு காலையிலயே சொன்னேன்ல” என்றாள். “அந்தப் பக்கத்துக்குப் புரூஃப் பார்த்ததே நான்தான்.”